ஹைரைடர் ஹைபிரிடுக்கு டயர்: 215/60 ஆர்17-ல் எதை எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. என் வண்டி டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இஞ்சினோடு மின்மோட்டாரும் ஓட்டும் கார்), முன்சக்கர இழுவை. கம்பெனி டயர் அளவு 215/60 ஆர்17 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60%, ரிம் 17 அங்குலம்). முன் டயர்களில் பட்டன் (பள்ளங்களின் ஆழம்) 2.5 மி.மீ., பின்னால் 4 மி.மீ. சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம்தான். ஆனால் 3-க்குக் கீழே போனாலே மழையில் தண்ணீரை ஒதுக்கும் திறன் குறைந்துவிடும்.

முன்னால் வேகமாகத் தேய்வதற்குக் காரணம் தெரிந்ததுதான்: மோட்டாரின் உடனடி இழுவையும் ரீஜென் பிரேக்கிங்கும் (வேகம் குறையும்போது மோட்டாரே பேட்டரியை சார்ஜ் செய்வது) முன் அச்சில்தான் விழுகின்றன. அலைன்மென்ட் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது.

கடைக்காரர் 225/60 போடச் சொல்கிறார். அதன் விட்டம் சுமார் 12 மி.மீ. கூடுதல், அதாவது 1.7%. ஓடோமீட்டர் அந்த அளவு தூரத்தைக் குறைத்துக் காட்டும். மைலேஜ் நிஜத்தில் குறைந்ததா, கணக்கில் குறைந்ததா என்றே தெரியாது. ஆகவே அளவை மாற்றப்போவதில்லை. டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இண்டெக்ஸ் 96-க்கு (ஒரு டயருக்கு 710 கிலோ) குறையவும் கூடாது.

கேட்க வேண்டியவை இவை. இதே அளவில் உருளும் தடை குறைந்த (எரிபொருளை மிச்சப்படுத்தும்) டயர் போட்டவர்களுக்கு ஈரச்சாலையில் பிரேக் பிடிப்பு எப்படி இருக்கிறது? இஞ்சின் அணைந்து மோட்டாரில் ஓடும்போது டயர் சத்தம் உள்ளே கேட்கிறதா? (ஹைபிரிடில் இதுதான் பெரிய தொல்லை.) மைலேஜைச் சொல்பவர்கள் முதல் 1,000 கி.மீ.-யைத் தவிர்த்துச் சொல்லுங்கள். புது டயரில் அது கொஞ்சம் இறங்கும்.

இரண்டு மட்டும் வாங்கினால் புதியவை பின்னால்தான் போகும், ஈரத்தில் வால் வழுக்காமலிருக்க. அப்போது 4 மி.மீ. டயர்கள் முன்னால் வந்து சீக்கிரமே தீரும். நான்கையும் மாற்றுவது லாபமா?