டிசைன் ஹோட்டலில் தங்குவது வீண் செலவா?

காசிமேட்டுக்காரன்:
எங்கள் தெருப் பையன்கள் இப்போதெல்லாம் புதுச்சேரி போனால் லாட்ஜைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழைய பிரெஞ்சு வீட்டைப் புதுப்பித்த பூட்டிக் ஹோட்டல், அதாவது சின்னதாக, தனி அழகோடு அமைத்த டிசைன் ஹோட்டல்தான் வேண்டுமாம். ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம், பத்தாயிரம். ஊர் சுற்றத்தானே போகிறோம்? சுத்தமான கட்டில், தண்ணீர் வரும் குழாய், ஒழுங்காகத் தாழ் விழும் கதவு இருந்தால் போதாதா? சாப்பாடு இன்னும் கொடுமை. அகலத் தட்டின் நடுவில் ஒரே ஒரு வஞ்சிரத் துண்டு, சுற்றிலும் இலை தழை. விடியற்காலையில் மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த பில் தொண்டையில் இறங்காது.

தண்டையார்பேட்டை மருமகள்:
அண்ணா, அறை தூங்குவதற்கு மட்டும்தான் என்பது ஆம்பளைங்க கணக்கு. வருஷம் முழுக்க ஒற்றைப் படுக்கையறை வீட்டில் எல்லாருக்கும் சமைத்துப் போடுகிற எனக்கு, யாரும் கூப்பிடாத ஒரு முற்றத்தில் உட்கார்ந்து காபி குடிப்பதே பயணம்தான். கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டில் தங்கினோம். வெறுங்காலில் ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரையில் நடக்கும்போது அவ்வளவு குளிர்ச்சி. மறுநாள் அந்தக் கல் செய்யும் இடத்துக்கே போனோம். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் செய்து, அப்புறம் தண்ணீரில் ஊறவிடுகிறார்கள். சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. இப்படி ஹோட்டல்கள் வாங்குவதால்தான் அந்தக் கைகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

காசிமேட்டுக்காரன்:
தரை நன்றாக இருக்கட்டும் தங்கச்சி, நான் மறுக்கவில்லை. ஆனால் வேறு ஓர் ஊரில் அப்பா அம்மாவோடு தங்கின அறையில் குளியலறைக்குச் சுவரே கண்ணாடி! திரையும் இல்லை. அம்மா குளிக்கும்போதெல்லாம் நாங்கள் வெளியே வராந்தாவில் நின்றோம். குடும்பத்தோடு யாருமே வர மாட்டார்கள் என்று நினைத்தா இதை வரைகிறார்கள்?

பழைய கட்டடப் பிரியன்:
அந்தக் கோபம் நியாயம். ஆனால் அது வரைந்தவர் செய்த தப்பு, யோசனையின் தப்பு இல்லை. 1984ல் நியூயார்க்கில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் மார்கன்ஸ் என்ற ஹோட்டலைத் திறந்தார்கள். பூட்டிக் ஹோட்டல் என்ற வகைக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஆந்திரே புட்மன் அதற்குப் போட்ட கறுப்பு வெள்ளைக் கட்டக் குளியலறை இன்றும் பேசப்படுகிறது. பெரிய ஹோட்டல்களின் ஒரே அச்சு அறைகளிலிருந்து விலகுவதுதான் நோக்கம்.

என் ஆதங்கம் நம் பக்கத்தைப் பற்றியது. சென்னை ஜார்ஜ் டவுனில் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்களைச் சுண்ணாம்புக் கலவையில் குறுக்காக நிறுத்திக் கட்டிய கூரை. ஒவ்வொன்றாக இடித்து குடோன் ஆக்குகிறார்கள். அதில் நாலு வீடாவது ஹோட்டலாகித் தப்பட்டுமே!

மிண்ட் தெரு கணக்கர்:
எட்டாயிரம் என்றால் எட்டாயிரத்தோடு முடியாது, அதையும் பாருங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி இப்போது 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை 7,500க்கு மேல் கொடுத்திருந்தால், அந்த ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் பில்லுக்கும் 18 சதவீதம்தான். தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் 5. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று 2022லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லில் அது இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். தங்குங்கள், காலை டிபன் வாடகையில் சேர்ந்திருந்தால் சாப்பிடுங்கள், ராத்திரிக்கு வெளியே போய்விடுங்கள்.

தண்டையார்பேட்டை மருமகள்:
சார் சொல்வதில் பாதிதான் எனக்குச் சரி. அந்தச் செட்டிநாட்டு வீட்டில் வாழை இலை போட்டு, உப்புக்கண்டமும் கவுனி அரிசியும் பரிமாறினார்கள். அந்த ருசிக்கு 18 சதவீதம் கொடுக்கலாம். எங்கேயும் கிடைக்கிற பாஸ்தாவுக்குத்தான் கொடுக்க மாட்டேன்.

காசிமேட்டுக்காரன்:
ஜார்ஜ் டவுனுக்கு ஹோட்டல் வரட்டும் என்கிறீர்களே, வந்தால் பக்கத்துக் கடைகளின் வாடகை என்ன ஆகும்? கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், காகித வியாபாரி, தலைச்சுமைக்காரர் எல்லாம் எங்கே போவார்கள்? பர்மாவிலிருந்து 1960களில் வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸை பீச் ஸ்டேஷன் எதிரில் வண்டிக் கடையில் சாப்பிடுகிறோம். அதையே ஏசி அறையில் வைத்து ஐந்து மடங்கு விலை வைப்பார்கள், வண்டிக்காரரை வாசலில் நிற்க விட மாட்டார்கள்.

பழைய கட்டடப் பிரியன்:
அந்த பயம் எனக்கும் உண்டு. ஆனால் குடோன் வந்தபோதும் வாடகை ஏறத்தான் செய்தது, வீடும் போச்சு. மாடியில் அறைகள், கீழே இப்போது இருக்கிற அச்சகமும் கடையும் அப்படியே தொடரட்டும் என்று ஒப்பந்தம் போட ஓர் உரிமையாளர் முன்வந்தால், நீங்கள் ஆதரிப்பீர்களா அண்ணா?

காசிமேட்டுக்காரன்:
ஒப்பந்தத்தில் வாடகை எத்தனை வருஷத்துக்கு ஏறாது என்று எழுதிக் காட்டட்டும். அதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.