வராங்கர் தீபகற்பத்தில் குளிர்காலப் பறவை நோக்கல்: எந்த மாதம், வழிகாட்டி தேவையா?

வாலாட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நார்வேயின் வடகிழக்கு மூலையில், ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள வராங்கர் தீபகற்பத்துக்கு அடுத்த குளிர்காலத்தில் என் தந்தையுடன் ஒரு வாரம் பறவை நோக்கச் செல்லலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஸ்டெல்லர் ஈடர், கிங் ஈடர் ஆகிய இரு கடல்வாத்துகளின் ஆண் பறவைகளை முழு நிறக்கோலத்தில் ஒருமுறையாவது அருகிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் ஆசை. மற்றவை எல்லாம் கிடைத்தவரை இலாபம்.

வழிகாட்டியுடன் கூடிய இரண்டு பயணத் திட்டங்கள் என் முன் இருக்கின்றன. முதலாவது பெப்ரவரி முதல் வாரத்தில் கிர்க்கெனெஸ் விமான நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. இரண்டாவது மார்ச் கடைசி வாரத்தில் பின்லாந்தின் இவாலோவில் தொடங்கி, இரண்டு நாள் காட்டுப் பறவைகளைப் பார்த்துவிட்டு, பின்னர் வடக்கே கடற்கரைக்குச் செல்கிறது. இரண்டாவதற்குக் கட்டணம் கணிசமாகக் கூடுதல். அந்தக் கூடுதல் தொகைக்கு ஏற்ற பலன் இருக்குமா? வழிகாட்டியே இல்லாமல் வாடகைக் காரில் செல்வது அறிவுடைமையா? தந்தைக்கு வயது 66. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் சமதளத்தில் நன்றாக நடக்கிறார், ஆனால் ஏற்றம் அவருக்கு ஆகாது. சென்று வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றி உடையவனாவேன்.

---

கரைக்கொக்கு எழுதியது:

நான் பெப்ரவரியில் ஒருமுறையும் மார்ச் இறுதியில் ஒருமுறையும் அங்கே சென்றிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை வேண்டுமென்றால், மார்ச். காரணம் பறவைகள் அல்ல, வெளிச்சம்.

நீங்கள் தேடும் இரண்டு வாத்துகளும் குளிர்காலம் முழுவதும் வராங்கர் கடற்கரையில் இருப்பவை. சைபீரியாவின் வடகடலோரப் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, உறையாத கடலைத் தேடி இங்கே வருபவை. வட அட்லாண்டிக் நீரோட்டம் கொண்டுவரும் வெதுவெதுப்பினால், 70 பாகை வட அகலாங்கில் இருந்தும் இந்தக் கடலோரம் உறைவதில்லை. ஆகவே பெப்ரவரியில் சென்றாலும் வாத்துகள் உங்களை ஏமாற்றமாட்டா. ஆனால் தீபகற்பத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு தீவில் இருக்கும் வார்டோ ஊரில் நவம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. பெப்ரவரி தொடக்கத்தில் பகல் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. அதிலும் மேகம் மூடியிருந்தால் கிங் ஈடரின் ஆரஞ்சு நெற்றிப் புடைப்பும் சாம்பல் நீலத் தலையும் வெறும் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். மார்ச் கடைசியிலோ பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குள் ஆண் வாத்துகள் பெண் வாத்துகளைச் சுற்றிச் சுற்றித் தலையை உயர்த்திக் காட்டத் தொடங்கியிருக்கும். ஸ்டெல்லர் ஈடர் கூட்டம் ஒன்று, யாரோ கட்டளையிட்டதுபோல் எல்லாம் ஒரே நொடியில் மூழ்கி, ஒன்றன்பின் ஒன்றாக மேலே வருவதை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் நீங்கள் பெப்ரவரியைப் பற்றி மீண்டும் பேசமாட்டீர்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. வார்டோ கிழக்கே வெகு தூரத்தில் இருந்தும் கடிகாரம் மட்டும் ஆஸ்லோ நேரத்தையே காட்டுவதால், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய பதினொன்றுக்கு. மார்ச் 20ஆம் நாளை ஒட்டிச் சூரியன் காலை ஐந்து மணி அளவிலேயே எழுந்துவிடும், மாலை ஐந்தைத் தாண்டியதும் மறைந்துவிடும். காலை உணவை எட்டு மணிக்கு வைத்திருக்கும் பயணத் திட்டத்தைக் கண்டால், அதை வகுத்தவர் பறவை நோக்கர் அல்லர் என்று தயங்காமல் முடிவு செய்யலாம். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மார்ச்சுக்கு மற்றொரு சாதகம் ஹார்னோயா தீவு. வார்டோ துறைமுகத்திலிருந்து சில நிமிடப் படகுப் பயணத்தில் இருக்கும் இந்தத் தீவின் செங்குத்துப் பாறையில் கில்லமாட்டுகள் என்னும் கடற்பறவைகள் மார்ச்சில் பெருங்கூட்டமாக வந்து அமர்கின்றன. அவற்றுக்கு நடுவே அலகின் ஓரத்தில் வெண்கோடு கொண்ட புருனிக் கில்லமாட்டைத் தேடுவது தனி விளையாட்டு. பஃபின் பறவைகளை உறுதியாகக் காண வேண்டுமென்றால் ஏப்ரல் ஆகிவிடும். ஆனால் அப்போது ஸ்டெல்லர் ஈடர்கள் கிளம்பத் தொடங்கிவிடும். இரண்டையும் ஒரே வாரத்தில் அடைய நினைத்தால் ஒன்றில் குறை நேரும். உங்கள் முதல் ஆசை வாத்துகள் என்பதால் மார்ச் கடைசி வாரமே சரியான நடுவிடம்.

---

நத்தைகுத்தி எழுதியது:

மாதத்தைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. வழிகாட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பறவையை இனங்காண வழிகாட்டி வேண்டும் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். அங்கே குளிர்காலத்தில் இருக்கும் இனங்கள் மிகக் குறைவு. ஒரு நல்ல கையேட்டை இரண்டு மாலைகள் புரட்டினால் போதும். வழிகாட்டியின் பயன் சாலையிலும் வானிலையிலும் இருக்கிறது. கிங் ஈடர்களை மிக அருகில் பார்க்கப் புகழ்பெற்ற இடம் போட்ஸ்பியோர்ட் மீன்பிடித் துறைமுகம். அங்கே விடியலுக்கு முன்பே படகில் ஏற்றிச் சென்று, நீர்மட்டத்தில் மிதக்கும் மறைவிடத்தில் அமர வைப்பார்கள். ஆனால் தரை வழியாக அந்த ஊரை அடைய மரமே இல்லாத மலைமேட்டைக் கடக்க வேண்டும். பனிக்காற்று எழுந்தால் தடைக்கம்பியை இறக்கிவிடுவார்கள். பின்னர் பனி அகற்றும் வண்டி முன்னே செல்ல, அதன் பின்னால் கார்களை வரிசையாகக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அழைத்துச் செல்வார்கள். புயல் வலுத்தால் அந்த வரிசையும் இல்லை, சாலை முழுவதும் மூடப்படும்.

நான் சென்ற குழுவில் இப்படித்தான் போட்ஸ்பியோர்ட்டில் இரண்டு இரவுகள் கூடுதலாகச் சிக்கிக்கொண்டோம். அதுகூடப் பெரிய துன்பம் அல்ல. துறைமுகத்திலேயே வாத்துகளும் கடற்காகங்களும் இருந்தன. துன்பம் வேறு. கூடுதல் இரவுகளுக்கான அறை வாடகையை யார் செலுத்துவது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. எங்களை அழைத்துச் சென்ற நிறுவனம் (பெயர் இங்கே தேவையில்லை) அதை எங்கள் தலையில் கட்டியது. மேலும், எட்டுப் பேருக்கு ஒரே ஒரு தொலைநோக்கி. கடலில் தொலைவில் மிதக்கும் வாத்தை ஒருவர் பார்த்து, அடுத்தவர் குனிவதற்குள் அது மூழ்கிவிடும். வரிசையின் கடைசியில் நின்றவர் ஐந்து நாளும் அலைகளைத்தான் பார்த்தார்.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்து வடிவில் கேளுங்கள்: ஒரு வண்டியில் எத்தனை பேர், எத்தனை தொலைநோக்கிகள், மிதக்கும் மறைவிடத்தின் கட்டணமும் ஹார்னோயா படகுக் கட்டணமும் உள்ளடங்கியவையா, வானிலை கெட்டால் மாற்றிக்கொள்ள ஒரு நாள் திட்டத்திலேயே காலியாக விடப்பட்டிருக்கிறதா, சாலை மூடப்பட்டால் கூடுதல் இரவின் செலவு யாருடையது. காலியான நாள் இல்லாத திட்டம் மலிவாகத் தெரிந்தாலும் எடுக்காதீர்கள்.

---

தாழைக்கோழி எழுதியது:

நண்பர் நத்தைகுத்தி சொன்னது மலைச்சாலைக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் முழு வராங்கரும் மலைச்சாலை அல்ல என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். வராங்கர்பொட்னிலிருந்து நெஸ்ஸெபி, வாட்சோ வழியாக வார்டோவுக்குச் செல்லும் ஈ75 நெடுஞ்சாலை கடலை ஒட்டியே செல்கிறது. கிரீட் தீவின் சிட்டியாவில் தொடங்கும் ஐரோப்பிய நெடுஞ்சாலையின் வடமுனை இதுதான். வாட்சோவுக்கும் வார்டோவுக்கும் இடையே ஏறத்தாழ 75 கிலோமீட்டர்; கடைசியில் 1980களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கம் வழியாகத் தீவுக்குள் நுழைகிறோம். ஆணி பதித்த குளிர்கால டயர்கள் உள்ள காரை எடுத்து, பனியில் ஓட்டிய பழக்கம் உள்ளவர் ஓட்டினால் இந்தப் பகுதிக்கு வழிகாட்டி கட்டாயம் அல்ல. வாட்சோவில் ஸ்டெல்லர் ஈடர்களைக் கரையிலிருந்தே பார்க்கலாம். 1926இல் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவினரின் 'நோர்கே' வான்கப்பலைக் கட்டி வைத்த கம்பம் இன்னும் நிற்கும் அதே வாட்சோ தீவில் நின்றுதான் நான் முதல் கூட்டத்தைப் பார்த்தேன். அன்று கம்பத்தைப் பார்க்க மறந்தே போனேன். அருகிலுள்ள எக்கரோயில் பாறை ஓரங்களில் ஊதா உள்ளான்கள் அலைக்குத் தப்பித் தப்பி மேயும். வார்டோவைச் சேர்ந்த பயோடோப் என்னும் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த மரத்தாலான காற்றுத் தடுப்பு மறைவிடங்கள் பல இடங்களில் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. அவற்றின் அருமை, காற்றுக்கு முதுகைக் காட்டி ஐந்து நிமிடம் நின்றவருக்குத்தான் தெரியும்.

எனவே என் யோசனை ஒரு நடுவழி: வாட்சோவிலும் வார்டோவிலும் சொந்தமாகச் சுற்றுங்கள்; போட்ஸ்பியோர்ட்டுக்கு மட்டும் உள்ளூர் வழிகாட்டியை ஏற்பாடு செய்யுங்கள். தெற்கு நோக்கிச் செல்லும் கடலோரக் கப்பல் வார்டோவிலிருந்து போட்ஸ்பியோர்ட்டைத் தொட்டுச் செல்வதால், சாலை மூடியிருந்தாலும் சில நாட்களில் கடல்வழி திறந்திருக்கும்.

இவாலோ வழியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தக் கூடுதல் தொகை வீண் அல்ல. இவாலோவுக்கு வடக்கே காமனென் பகுதியில் சாலையோர விடுதிகளில் வைக்கும் தீவன மேடைகளுக்குப் பைன் குரோஸ்பீக், சைபீரிய ஜே, சைபீரியச் சிட்டு ஆகியவை வருகின்றன; தேநீர்க் குவளையுடன் சன்னலுக்கு இந்தப் பக்கம் அமர்ந்தே பார்க்கலாம். உங்கள் தந்தைக்கு ஏற்ற இடம் அதுவே. ஆனால் குளிர் அங்கேதான் கடுமை. கடற்கரையில் குளிர்கால வெப்பநிலை உறைநிலைக்குச் சில பாகைகளே கீழே இருக்க, உள்நாட்டுக் காட்டில் கழித்தல் 30 பாகை செல்சியஸும் அரிது அல்ல. கடற்கரையில் நம்மை வாட்டுவது காற்று. காட்டில் வாட்டுவது குளிர் மட்டுமே. பின்லாந்தின் கடிகாரம் நார்வேயைவிட ஒரு மணி நேரம் முன்னே செல்வது என்பதால் எல்லையைக் கடக்கும் நாளில் படகு நேரத்தைக் கைப்பேசியை மட்டும் நம்பிக் கணக்கிடாதீர்கள். இரு நாடுகளும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரே விசா போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

---

வாலாட்டி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மார்ச் திட்டத்தையே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். நத்தைகுத்தி சொன்ன கேள்விகளை இன்று நிறுவனத்துக்கு அனுப்பியும் விட்டேன். வண்டிக்கு ஆறு பேர், இரண்டு தொலைநோக்கிகள் என்று உடனே பதில் வந்தது. கூடுதல் இரவுச் செலவைப் பற்றி மட்டும் இன்னும் மௌனமாக இருக்கிறார்கள். கடைசியாக ஒன்று. மிதக்கும் மறைவிடத்திலும் ஹார்னோயாவிலும் தந்தையால் சமாளிக்க முடியுமா? நான் ஒளிப்படம் எடுப்பவன் என்பதால் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கரைக்கொக்கு எழுதியது:

அந்த மௌனம் கலையும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.

ஹார்னோயாவைப் பற்றிக் கவலை வேண்டாம். பறவைப் பாறை படகுத்துறைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. கலங்கரை விளக்கம்வரை ஏறாமல், கீழேயே நின்று தலைக்கு மேல் பறக்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். சிக்கல் படகிலிருந்து கரையேறும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. அலை உயர்ந்திருந்தால் எல்லோருக்குமே அது கடினம், பல நாட்களில் படகே புறப்படாது. தந்தையின் காலணியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் பட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிடப் பெரிய பகை, உருகி மீண்டும் உறைந்த நடைபாதைதான்; மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறைவது அங்கே வழக்கம்.

மிதக்கும் மறைவிடத்தில் நடக்க வேண்டியதே இல்லை. ஆனால் சில மணி நேரம் அசையாமல், தாழ்வாக, பெரும்பாலும் காலை மடக்கியே அமர்ந்திருக்க வேண்டும், நடுவில் எழுந்து வெளியே வர வழியில்லை. அதனால் நான் அவரை அதில் அனுப்பத் தயங்குவேன். நீங்கள் மறைவிடத்தில் இருக்கும் நேரத்தில் அவர் வழிகாட்டியுடன் துறைமுகக் கரையில், நிறுத்திய வண்டிக்குள் இருந்தபடியே பார்க்கட்டும். கிங் ஈடர்கள் பல நாட்களில் மீன்பிடிப் படகுகளுக்கு இடையிலேயே நீந்துகின்றன. கதவைத் திறந்து இறங்கினால் விலகும் வாத்து, நின்ற வண்டியைப் பொருட்படுத்துவதில்லை.

கருவிகளைப் பற்றி இரண்டு செய்திகள். வண்டிக்குள் சூடேற்றியை ஓடவிட்டுக் கண்ணாடியை இறக்கிப் படம் எடுக்காதீர்கள். உள்ளிருந்து வெளியேறும் சூடான காற்று கானல்போல் அலைந்து, எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸையும் மங்கலாக்கிவிடும். சூடேற்றியை நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே குளிருக்கு வரும்வரை காத்திருங்கள். தந்தைக்கு ஒரு கம்பளி தனியாக வேண்டும். விடுதிக்குத் திரும்பும்போது கேமராவை வெளியிலேயே பைக்குள் இட்டு இறுக மூடிவிட்டு, உள்ளே சென்ற பின் இரண்டு மணி நேரமாவது திறக்காதீர்கள். திறந்தால் அறையின் ஈரம் முழுவதும் கண்ணாடியில் படியும். நினைவு அட்டையையும் மின்கலத்தையும் மட்டும் முன்னதாகவே வெளியே எடுத்துச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அன்று எடுத்த படத்தைப் பார்க்கும் ஆவலில் பையைத் திறந்துவிடுவீர்கள். நான் திறந்திருக்கிறேன்.