வீட்டு வயரிங்கிலிருந்து சோலாருக்கு மாறினால் புதிதாக எதைக் கற்க வேண்டும்?

மூணுபேஸ்:
வீட்டு வயரிங், மோட்டார், பேனல் போர்டு வேலை தெரியும். கூரை சோலார் பக்கம் போகலாம்னு பார்க்கிறேன். "பேனலை மாட்டி, ஒயரை இன்வெர்ட்டர்ல செருகுறதுதானே"ன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. நிஜமாவே அவ்வளவுதானா? வயரிங் தெரிஞ்சவன் புதுசா என்ன கத்துக்கணும், எங்க தப்பு நடக்கும், என்ன கருவி வாங்கணும்? பசுமை வேலைன்னு எல்லாரும் பேசறாங்க, கூரையெல்லாம் நிரம்பிட்டா அப்புறம் என்ன?

டிசிபக்கம்:
அவ்வளவுதான்னு சொன்னவங்களை டிசி பக்கம் கை வைக்க விடாதீங்க.

50 ஹெர்ட்ஸ் ஏசியில மின்னோட்டம் நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடும். சுவிட்சைத் திறக்கும்போது வர்ற பொறி அங்கேயே செத்துடும். டிசியில அந்த பூஜ்ஜியம் கிடையாது. 500 வோல்ட் ஸ்ட்ரிங்கை (தொடரா கோத்த பேனல் வரிசை) லோடு ஓடும்போது கழட்டினா, பொறி இழுத்த இழுப்புக்கு நீளும், இணைப்பானே உருகும். அதனால ஏசி எம்சிபியை (தானா ட்ரிப் ஆகுற பிரேக்கர்) டிசிக்குப் போடவே கூடாது. டிசி எம்சிபியிலயும் சிலதுல ப்ளஸ், மைனஸ் குறி இருக்கும். அதை மாத்திக் கொடுத்தா, ட்ரிப் ஆகும்போது பொறியை அணைப்பு அறைக்குள்ள தள்ள வேண்டிய காந்தம் எதிர்ப்பக்கம் தள்ளும், பெட்டியே எரியும்.

இன்னொரு வித்தியாசம், ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போகாது. பேனலோட ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம், அது வழக்கமா ஓட்டுறதைவிடக் கொஞ்சம்தான் கூட. 13 ஆம்பியர் ஓடுற இடத்துல ஷார்ட் ஆனா 14 ஓடும். எந்த ஃபியூஸுக்கு இது தெரியும்? ஒரே ஒரு ஸ்ட்ரிங், இல்ல ரெண்டு இணையா இருந்தா ஃபியூஸ் பெரும்பாலும் தேவைப்படாது. மூணு, அதுக்கு மேல இணைச்சா மத்த ஸ்ட்ரிங்குகளோட மின்னோட்டம் பழுதானதுக்குள்ள பின்னாடி பாயும். அங்கதான் சோலாருக்கான டிசி ஃபியூஸ் வேணும்.

அடுத்து ஸ்ட்ரிங் கணக்கு. பேனல் முதுகுல இருக்கிற வோல்டேஜ், செல் 25 டிகிரியில இருக்கும்போது எடுத்தது. குளிர்ந்தா வோல்டேஜ் ஏறும், சூடானா இறங்கும். திறந்த சுற்று வோல்டேஜ் (லோடு இல்லாதப்ப இருக்கிறது) 49.5, வெப்பக் குணகம் டிகிரிக்கு -0.28 சதவீதம், இன்வெர்ட்டர் தாங்கும் உச்சம் 600 வோல்ட்னு வச்சுக்குங்க. 12 பேனல் போட்டா 594, சரியா இருக்கேன்னு தோணும். விடியற்காலை 10 டிகிரிக்கு இறங்கினா 4.2 சதவீதம் ஏறி, ஒரு பேனல் 51.6. பன்னிரண்டுக்கு 619. முதல் குளிர்காலத்துலயே இன்வெர்ட்டர் போயிடலாம், வாரண்டியும் கிடைக்காது. 11 பேனல்தான் சரி: 567. கோடைப் பக்கத்தையும் பாருங்க. செல் 70 டிகிரி போகும்போது ஓடும் வோல்டேஜ் இன்வெர்ட்டரோட எம்பிபிடி (பேனல்லேர்ந்து அதிகபட்ச பவரை இழுக்கிற வோல்டேஜ் வரம்பு) எல்லைக்குக் கீழ விழக் கூடாது. கம்மி பேனல் போடுற சின்ன கூரையிலதான் இந்த இடத்துல மாட்டிக்குவாங்க.

கூரைமேல்:
மேலே சொன்னது சரி. ஆனால் கணக்கு தப்பி எரிந்த அமைப்புகளைவிட, இணைப்பான் எரிந்தவையே அதிகம். எம்சி4 (பேனல் கேபிள்களைச் செருகி இணைக்கும் இணைப்பான்) பார்க்க எளிமையானது, அதுதான் தொல்லை.

கத்தரிக்கோலாலோ சாதாரண பிளையராலோ அழுத்திய உலோகமுனை இழுத்தால் வராது, சோதனையிலும் தேறும். ஆறு மாதம் கழித்து மின்தடை ஏறிச் சூடாகும். அதற்குரிய கிரிம்ப் கருவிதான் வேண்டும். அழுத்திய முனையில் செப்பு இழை ஒன்றுகூட வெளியே நிற்கக் கூடாது. பிறகு உறைக்குள் தள்ளி "க்ளிக்" சத்தம் கேட்டபின் பின்னால் இழுத்துப் பாருங்கள். பின்பக்க நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கிற்கு இறுக்குங்கள். தளர்வாக விட்டால் நீர் புகும், அளவு மீறினால் ரப்பர் வளையம் நசுங்கும். முக்கியமானது: ஒரு கம்பெனி ஆண் முனையை இன்னொரு கம்பெனி பெண் முனையில் செருகாதீர்கள். பொருந்துவதுபோல் இருக்கும், ஆனால் உள்ளே தொடும் பரப்பு ஒன்றல்ல. பேனலோடு என்ன வந்ததோ அதே தயாரிப்பை வாங்குங்கள்.

கேபிளைத் தரையிலோ ஓட்டின் மேலோ படுக்க விடாதீர்கள். தேங்கும் நீரும் உராய்வும் இரண்டு வருடத்தில் உறையைத் தின்றுவிடும். ப்ளாஸ்டிக் டை, வெயிலைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். கேபிள் தடிமனுக்கு ஒரு உதாரணம்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, மீட்டருக்குச் சுமார் 5 மில்லிஓம். இன்வெர்ட்டர் 30 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 60 மீட்டர், 0.3 ஓம். 13 ஆம்பியரில் 4 வோல்ட் இழப்பு. 400 வோல்ட் ஸ்ட்ரிங்கில் 1 சதவீதம். பரவாயில்லை.

கூரை பற்றி ஒரே வார்த்தை: காற்று பேனலைக் கீழே அழுத்துவதைவிட மேலே தூக்குவதுதான் பயம், அதுவும் ஓரத்திலும் மூலையிலும். க்ளாம்பைத் தயாரிப்பாளர் குறித்த பகுதியில் மட்டும் பிடியுங்கள்.

கணக்குப்புள்ளி:
வேலை நிலைக்குமா என்ற கேள்விக்கு. சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, 2023இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையில் உலகெங்கும் 1.62 கோடிப் பேர். சூரிய மின்சாரம் மட்டும் 70 லட்சத்துக்கு மேல். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு சீனாவில், அதில் பேனல் தொழிற்சாலை வேலை கணிசம். நிறுவும் வேலையோ ஒப்பந்த வேலை. மானியம் நின்றால் ஒரே காலாண்டில் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள்.

நிலைப்பது பராமரிப்பு. பேனல் 25 வருடம் ஓடும், இன்வெர்ட்டர் அதற்குள் ஒருமுறையாவது மாறும். பேனலை மாட்டத் தெரிந்தவர் பத்துப் பேர் கிடைப்பார்கள், பழுதைக் கண்டுபிடிப்பவர் ஒருவர் கிடைப்பது அரிது. ஆகவே கருவிப் பணத்தை அந்தப் பக்கம் போடுங்கள்: 1000 வோல்ட் டிசி தாங்கும் கேட் 3 (CAT III பாதுகாப்புத் தரம்) மல்ட்டிமீட்டர், டிசி க்ளாம்ப் மீட்டர் (கேபிளைக் கழற்றாமல் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளப்பது), இன்சுலேஷன் டெஸ்டர் (உறையின் மின்காப்பை அளப்பது). வெப்பப் படக் கேமரா பிறகு வாங்கலாம்.

மூணுபேஸ்:
நன்றி. பழுதுன்னு சொன்னதால ஒண்ணு. காலையில மட்டும் இன்வெர்ட்டர் இன்சுலேஷன் ஃபால்ட் (எர்த்துக்கு மின்கசிவு) காட்டி, பத்து மணிக்கு மேல தானா ஓட ஆரம்பிக்குதுன்னு சொல்றாங்களே, அதை எப்படிப் பிடிக்கிறது?

டிசிபக்கம்:
பனியோ மழையோ எங்கியோ உறை கிழிஞ்ச இடத்தை நனைக்குது. காய்ஞ்சதும் சரியாகுது. மத்தியானம் போய்ப் பார்த்தா ஒண்ணும் கிடைக்காது, ஈரம் இருக்கும்போதே போங்க.

முதல்ல இன்வெர்ட்டரை நிறுத்தி டிசி ஐசொலேட்டரை (துண்டிக்கிற சுவிட்ச்) திறங்க. மின்னோட்டம் பூஜ்ஜியம்னு க்ளாம்ப் மீட்டர்ல பார்த்துட்டுத்தான் ஸ்ட்ரிங்கைக் கழட்டணும். 1000 வோல்ட் கையுறை போட்டுக்குங்க. இப்ப மூணு அளவு எடுங்க: ப்ளஸ்-மைனஸ், ப்ளஸ்-எர்த், மைனஸ்-எர்த்.

நல்ல ஸ்ட்ரிங்ல எர்த்துக்கு எடுக்கிற ரெண்டும் நிக்காம பூஜ்ஜியத்தை நோக்கிச் சரியும். ஒரு இடத்துல மின்கசிவு இருந்தா நிலையா நிக்கும். உதாரணத்துக்கு 11 பேனல், மொத்தம் 500 வோல்ட். ப்ளஸ்-எர்த் 318, மைனஸ்-எர்த் 182. ஒரு பேனலுக்கு 45.5 வருது, 182ஐ அதால வகுத்தா 4. மைனஸ் முனையிலிருந்து எண்ணி 4ஆவது, 5ஆவது பேனலுக்கு நடுவுல இருக்கிற இணைப்பான்தான் ஆள். முழு எண் வராம 4.3 மாதிரி வந்தா, 5ஆவது பேனலுக்குள்ளயே, முக்கியமா ஜங்ஷன் பெட்டியில பாருங்க. மைனஸ்-எர்த் பூஜ்ஜியத்துக்குக் கிட்ட நின்னா, கீழ வர்ற மைனஸ் கேபிள் ஃப்ரேம் விளிம்புல உரசியிருக்கும்.

சரி பண்ணினப்புறம் ஐஇசி 62446-1 தரநிலை சொல்ற மாதிரி இன்சுலேஷன் டெஸ்ட். 500 வோல்ட்டுக்கு மேற்பட்ட ஸ்ட்ரிங்குக்கு 1000 வோல்ட் கொடுத்து 1 மெகாஓமுக்குக் குறையாம வரணும். மின்னல் தடுப்பான் மாட்டியிருந்தா அதைக் கழட்டி வச்சுட்டு டெஸ்ட் பண்ணுங்க, இல்லேன்னா அதுதான் குறைச்சுக் காட்டும்.