பிரெஞ்சுத் திரைப்பட இசையமைப்பாளர் மொரீஸ் ஜோபேரின் இசையை நீங்களெல்லாம் முதலில் எங்கே கேட்டீர்கள்? என் கதையை முதலில் சொல்கிறேன்.

பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் ‘அடேல் எச்’ (1975) படத்தைக் கல்லூரி நாட்களில் நண்பன் அறையில் டிவிடியில் பார்த்தேன். காதலித்தவனைத் தேடிக் கடல் கடந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸ் போகிற, எழுத்தாளர் விக்தர் யூகோ மகளின் கதை. அவளாக நடித்த இசபெல் அஜானி தெருவில் தனியாக நடக்கும்போது பின்னால் வருகிற இசை நம்மை அழச் சொல்லாது. அவளோடு கூடவே நடந்து வரும், அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் இசை யாரென்று தேடினேன். மொரீஸ் ஜோபேர். பிறந்தது 1900, நீஸ் நகரம். இறந்தது 1940 ஜூன் 19. தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். 35 வருடம் முன்னால் இறந்தவர் இந்தப் படத்துக்கு எப்படி இசையமைப்பார்?

தப்பே இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட மூன்றே நாள் இருந்தபோது போர்முனையில் இறந்திருக்கிறார். முப்பதுகளில் ரெனே க்ளேர், விகோ, கார்னே ஆகிய இயக்குநர்களின் படங்களுக்கு இசை எழுதியவர். அவர் விட்டுப்போன இசைத்தாள்களைப் புதிதாக வாசிக்கவைத்து த்ரூஃபோ தொடர்ந்து நான்கு படங்களில் பயன்படுத்தினார். நான்காவது ‘பச்சை அறை’ (1978). படப்பிடிப்புத் தளத்திலேயே அந்த இசையை ஓடவிட்டு நடித்தார்கள். தன்னோடு வாழ்ந்து இறந்தவர்களுக்கெல்லாம் மெழுகுவத்தி ஏற்றிவைக்கிற ஒருவனின் கதை அது. அந்தச் சிற்றாலயத்துப் படங்களில் ஜோபேரின் படமும் இருக்கும். அதைக் கண்ட இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு அவர் எங்கே கிடைத்தார்?

*

நான் பாரிசில லாசப்பல் பக்கம் இருக்கிறன் அண்ணை. வேலை முடிஞ்சு வரேக்க சில நாள் சென் மார்த்தன் கால்வாய்க் கரையால நடந்து வாறனான். ‘ஒத்தல் து நோர்’ கட்டடம் இப்பவும் அங்க நிக்குது. 1938இல அதே பேரில வந்த படத்தை அங்க எடுக்கேல்லை, ஸ்டூடியோவில கால்வாயையே கட்டி எடுத்தவை எண்டு பிறகுதான் தெரிஞ்சுது. அதுக்கும் ஜோபேர்தான் இசை.

ஆனா என்னைப் பிடிச்சு இழுத்தது விகோவின்ர ‘லாத்தலாந்த்’ (1934). சரக்குப் படகில குடித்தனம் தொடங்கிற புதுப்பெண்சாதி. கிழவன் ஜூல் இசைத்தட்டில விரலை வைச்சுச் சுத்துவான், இசை கேக்கும். விரலை எடுத்தா நிண்டிடும். பாத்தா, பக்கத்தில பொடியன் அக்கோடியன் வாசிக்கிறான்! அப்ப படத்தை வெட்டி, ஊரெல்லாம் பாடின ஒரு பாட்டைச் செருகி, படத்தின்ர பேரையும் அந்தப் பாட்டின்ர பேரா மாத்தித்தான் வெளியிட்டவை. விகோ அந்த ஒக்டோபரிலயே 29 வயசில போயிட்டார். நான் பாத்தது 1990இல மீட்டெடுத்த பிரதி. அந்தப் படகுக்கெண்டே ஜோபேர் எழுதின இசையை எடுத்தெறிய எப்பிடி மனம் வந்துதோ தெரியேல்லை.

*

சென்னையில் ஒலித்தொகுப்பு வேலை செய்கிறேன். விகோவின் ‘ஸெரோ த கோந்துயித்’ (1933) பார்த்தவர்களுக்கு அந்தத் தலையணைச் சண்டை நினைவிருக்கும். விடுதிப் பையன்கள் தலையணையைக் கிழித்து, இறகு மழையில் மெதுவாக ஊர்வலம் போவார்கள். பிரான்சில் 1945 வரை தடையில் இருந்த படம்.

அந்த ஊர்வலத்துக்கு ஜோபேர் ஒரு மெட்டை எழுதினார். கடைசி ஸ்வரத்திலிருந்து முதல் ஸ்வரம்வரை அதைத் திருப்பி எழுதி வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். பிறகு அந்தப் பதிவைப் பின்னாலிருந்து ஓட்டினார். மெட்டு நேராகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு ஒலியும் தலைகீழ். வீணைத் தந்தியை மீட்டினால் நாதம் சட்டென்று எழும்பி மெல்லத் தேயும் இல்லையா? இங்கே ஒன்றுமில்லாததிலிருந்து ஊறி, பெருகி, சட்டென்று அறுபடும். கனவில் கேட்பது போலிருக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில்!

ஒரு நாள் ராத்திரி வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு, அந்த இடத்தை மட்டும் வெட்டி ரிவர்ஸ் போட்டுக் கேட்டேன். 1933இல் அந்தக் கலைஞர்கள் உண்மையில் வாசித்தது காதில் விழுந்தது. ஒலியெல்லாம் நேர், மெட்டு மட்டும் பின்னோக்கிப் போகிறது. எதற்காக இப்படி வாசிக்கச் சொல்கிறார் என்று அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்திருக்குமா? மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.

*

தம்பி, ரிவர்ஸ் போட்ட அந்தத் துண்டை எனக்கும் ஒருக்கா அனுப்பிவிடுங்கோ. நாளைக்குக் கால்வாய்க் கரையால வரேக்க கேக்கவேணும்.