தாத்தா கித்தாருக்குள்ள ஒரு தகரக் குழாய், கழட்டலாமா?

வணக்கம், நான் சுங்கை சிப்புட் பக்கம். தாத்தா தோட்டத்து கோயில் பஜனைல வாசிச்ச கித்தாரை இப்பதான் கீழ எடுத்தேன், நைலான் கம்பி போட்டது, சவுண்ட் ஹோல் உள்பக்கம் ஒரு தகரக் குழாய் ஒட்டியிருக்கு, விரல் நீளம்தான், பாத்தா பால் வாளி தகரம் மாதிரியே இருக்கு.

தேடிப் படிச்சேன், ஸ்பெயின்ல அந்தோனியோ தே தோரஸ் 1856ல செஞ்ச கித்தார்லயே இந்த மாதிரி உலோகக் குழாய் இருக்காம், பேரு டோர்னாவோஸ். சவுண்ட் ஹோல் ஓட்டைலேர்ந்து குழாய் உள்பக்கமா நீண்டா, கித்தாருக்குள்ள இருக்கிற காத்து இன்னும் கீழ் சுருதில அதிரும், அதான் பேஸ் ஆழமா வருது. தாத்தா இத எங்க பாத்தாரோ, நெனச்சா உடம்பு சிலிர்க்குது. 1932ல மக்காஃபெரின்னு ஒரு கித்தார் வடிவமைப்பாளர் செல்மர் கம்பெனி கித்தாருக்குள்ள ஒரு மரப்பெட்டியே வச்சாரு, அது லூசாகி சத்தம் போடுதுன்னு நிறைய பேர் கழட்டிட்டாங்க.

இங்கயும் அதே பிரச்சனைதான், ஆறாவது கம்பிய தட்டினா தகரம் கிர்ருன்னு அதிருது. கடைக்காரர் கழட்டி வீசுன்னாரு, எனக்கு மனசு வரல. எந்த பசை போட்டு ஒட்டலாம், மரம் கெடாதா? ஈப்போ பக்கம் பழைய கித்தார் பொறுமையா பாக்குற ஆள் தெரிஞ்சா சொல்லுங்க அண்ணே, அக்கா.