அம்மை போட்ட சிஸ்டர் மூணாவது தண்ணி விட்டதும் டியூட்டிக்கு வரலாமா?

மார்த்தாண்டம் பக்கம் சின்ன ஆஸ்பத்திரி. பிரசவ வார்டு சிஸ்டர் ஒருத்தருக்கு 10-ம் தேதி சின்னம்மைக் கொப்புளம் தெரிஞ்சிருக்கு. 8, 9 ரெண்டு நாளும் காய்ச்சலுக்கு டோலோ போட்டுட்டு டியூட்டி பார்த்திருக்காங்க. இன்னைக்கு 13. "மூணாவது தண்ணி ஆனதும் வந்திருவேன்"ங்கிறாங்க. விடலாமா? கூட வேலை பார்த்த ஆறு பேரை என்ன செய்ய? அதுல ஒருத்தர் கர்ப்பிணி.

பதில் 1:
தண்ணிக் கணக்கு வீட்டோட இருக்கட்டும். வார்டுக்கு ஒரே கணக்குதான்: எல்லாக் கொப்புளமும் காய்ஞ்சு பொருக்குத் தட்டணும், புதுசா ஒண்ணும் கிளம்பக்கூடாது. சாதாரணமா 5 முதல் 7 நாள் ஆகும். கையும் முகமும் காய்ஞ்சதைப் பார்த்து ஏமாறாதீங்க, முடிக்குள்ளேயும் முதுகிலேயும் நீர் கோத்தது இருக்கும். முழுக்கை சட்டையும் மாஸ்க்கும் போட்டா போதும்னு நினைக்க வேண்டாம், இது காத்து வழியாவும் பரவும்.

பதில் 2:
சிஸ்டரை விட அந்த ஆறு பேர்தான் அவசரம். தடிப்பு வர்றதுக்கு 2 நாள் முன்னாடியே தொத்தும், அதனால 8-ம் தேதியும் கணக்குல வரும். ஏற்கெனவே சின்னம்மை வந்தவங்க, தடுப்பூசி ரெண்டு டோஸ் போட்டவங்க வேலை பார்க்கலாம். தினமும் டியூட்டிக்கு முன்னாடி காய்ச்சலும் தோலும் பாருங்க. டோலோ போட்டாங்களான்னும் கேளுங்க, போட்டிருந்தா தெர்மாமீட்டர் பொய் சொல்லும்.
ரெண்டும் இல்லாதவங்களுக்கு முதல் தொடர்புக்கு அப்புறம் 8-வது நாள்ல இருந்து கடைசித் தொடர்புக்கு அப்புறம் 21-வது நாள் வரை லீவு. உங்க கணக்குல 16 முதல் 30 வரை. தடுப்பூசி 5 நாளுக்குள்ள போட்டாத்தான் நல்ல பலன், அதாவது இன்னைக்கே. போட்டாலும் அந்த லீவு குறையாது.
கர்ப்பிணிக்கு இந்த ஊசி கூடாது, உயிருள்ள வைரஸ். முன்னாடி வந்த ஞாபகம் இல்லேன்னா உடனே ஐஜிஜி ரத்தப் பரிசோதனைக்கு (உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு பார்க்கிறது) அனுப்புங்க. எதிர்ப்பு இல்லேன்னு வந்தா இம்யூனோகுளோபுலின் (தயாரா இருக்கிற எதிர்ப்புப் பொருளை ஊசியா போடுறது), 10 நாளுக்குள்ள. அது போட்டா லீவும் கண்காணிப்பும் 21-க்குப் பதிலா 28-வது நாள் வரை.

கேட்டவர்:
ஒருத்தர் ஒரு டோஸ்தான் போட்டிருக்காங்க.

பதில் 2:
ரெண்டாவதை இன்னைக்கே போடுங்க, முதல் டோஸ் போட்டு 4 வாரம் ஆகியிருந்தா. வேலை பார்க்கலாம், தினமும் கண்காணிக்கணும்.

பதில் 3:
நம்ம ஊர்ல தட்டம்மையும் 'அம்மை'தான். டாக்டர் பார்த்து உறுதி பண்ணினாங்களா? தட்டம்மைன்னா வந்தவங்களுக்கு தடிப்பு வந்து 4 நாள் லீவு, எதிர்ப்பு இல்லாம கூட இருந்தவங்களுக்கு தொடர்புக்கு அப்புறம் 5 முதல் 21-வது நாள் வரை லீவு, கணக்கே மாறும்.
8, 9-ல வார்டுல இருந்த தாய்மார் லிஸ்ட்டையும் எடுங்க, குழந்தை டாக்டர்கிட்ட கொடுங்க. டிஸ்சார்ஜ் ஆனவங்களுக்கு போன் போட்டு, தடிப்பு வந்தா ஓபி வரிசையில நிக்காம முதல்ல போன் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் ஒண்ணு, காய்ச்சல் லீவுக்கு சம்பளம் பிடிக்கிற இடத்துல அடுத்த சிஸ்டரும் டோலோ போட்டுட்டுத்தான் வருவாங்க.