எங்கள் காட்டில் ஸ்னோமொபைல் பாதை: வரி விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஹாலிபர்ட்டன் பகுதியில் எங்களுக்கு 30 ஏக்கர் காடு இருக்கிறது. பனிக்காலத்தில் அதன் ஊடாக ஸ்னோமொபைல் (பனி மேல் ஓடும் மோட்டார் வண்டி) பாதை விட உள்ளூர் ஸ்னோமொபைல் கழகத்தினர் அனுமதி கேட்கிறார்கள். கொடுக்கவே விரும்புகிறேன். பாதை பலருடைய நிலங்கள் வழியாகப் போவதால், ஒரு நிலக்காரர் மறுத்தாலும் அது துண்டாகிவிடும். வழியிலுள்ள சிற்றூர்களின் பனிக்கால வியாபாரமும் படுத்துவிடும்.

ஆனால் சொத்து வரி கனக்கிறது. மாகாணத்தின் காடு பராமரிப்பு வரிச் சலுகைத் திட்டத்தில் சேர்ந்தால், குடியிருப்பு வரி விகிதத்தில் 25 சதவீதம் கட்டினால் போதும். குறைந்தது 4 ஹெக்டேர் காடும், அங்கீகரிக்கப்பட்ட 10 ஆண்டுப் பராமரிப்புத் திட்டமும் வேண்டும். இது மரங்களைக் காப்பதற்கான சலுகை, பாதைக்கானது அல்ல.

பாதை ஓடும் பரப்பைக் காட்டுக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்களா? வழி விட்டதற்காக நகராட்சி யாருக்காவது தனியாக வரி குறைத்ததுண்டா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பனி விழுவதற்குள் நான் கையெழுத்திட வேண்டும்.